சேர்க்கை நிச்சயம், வகுப்பு சந்தேகம்

என் வாழ்க்கையில் அதுவரை மூன்று பொருள்களுக்கு உத்தரவாதம் கிடைத்திருந்தது. மரம் அறுக்கும் ரம்பம், வெந்நீர்க் கொதிகலன், ஒரு செயற்கைப் பல். மூன்றும் உத்தரவாதக் காலம் முடிந்த மறுவாரமே கழன்றுகொண்டன. ஆகவே நாற்பத்து மூன்றாவது வயதில் கார்வர் பள்ளத்தாக்கு சமுதாயக் கல்லூரியிலிருந்து, “பொறியியல் மாணவர்களுக்கு உத்தரவாதமான பல்கலைக்கழகச் சேர்க்கை” என்று கொட்டை எழுத்தில் ஒரு கடிதம் வந்தபோது நான் கொஞ்சம் உஷாராக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் கல்யாணப் படத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் மாட்டினேன்.

என் பெயர் வெர்லின் ஸ்டாம்பர். வர்ஜீனியாவின் மேற்கு மூலையில் மலையும் ஆறும் மாறி மாறி வரும் கவுண்டி, அதாவது மாவட்டம், எங்களுடையது. அதனால் பாலங்கள் அதிகம். துருவைச் சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது, தளர்ந்த போல்ட்டை முடுக்குவது என்று பத்தொன்பது வருடமாக அந்தப் பாலங்களின் அடிவயிற்றில்தான் என் பிழைப்பு. பாலத்தில் விரிசல் விட்டால் முதலில் பார்ப்பவன் நான்தான். ஆனால் நான் பார்த்தது படிவத்தில் ‘பார்வை’ என்ற கட்டத்துக்குள் போகும். பக்கத்திலேயே ‘கருத்து’ என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. அதை எஞ்சினியர்தான் நிரப்ப வேண்டும்.

எங்கள் எஞ்சினியர் ப்ரெக்கன் டால்ட்டனுக்கு இருபத்தாறு வயது. நல்ல பையன், உயரம் என்றால் பயம். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, டார்ச் அடித்து, “அதோ, ரெண்டாவது தூணுக்கு மேல” என்று காட்டுவேன். அவன் அண்ணாந்து பார்த்து, “ஆமா, விரிசல்தான்” என்பான். அது கருத்தாகிவிடும்.

ப்ரெக்கன் வருவதற்கு முன்னால் எஞ்சினியர் நாற்காலி ஒன்றரை வருடம் காலியாகக் கிடந்தது. அந்தக் காலத்தில் லாரல் ஓடைப் பாலத்தைப் பற்றிப் பதினொரு பார்வை எழுதினேன். கருத்துச் சொல்ல ஆள் இல்லாததால் பதினொன்றும் கோப்பில் பத்திரமாக இருந்தன. ஒரு நாள் காலையில் பாலம் ஒரு பக்கம் நாலு அங்குலம் இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாலத்தை மூடிவிட்டார்கள். அதன் மேல் தினமும் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள் என் மனைவி ரெனெல்.

அன்றிலிருந்து அவள் மலையைச் சுற்றிக்கொண்டு நாற்பது நிமிடம் கூடுதலாக ஓட்ட வேண்டியதாயிற்று. ஒரு வாரம் பொறுத்துக்கொண்டாள். எட்டாம் நாள், கிரேவி ஊற்றிய பிஸ்கட் ரொட்டித் தட்டை என் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

“பதினோரு தடவ எழுதுனியாமே?”

“எழுதுனேன்.”

“உன் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்திருந்தா, நாப்பது புள்ளைங்க பஸ்ல தூங்கி வழிய வேண்டியிருந்திருக்குமா? போய்ப் படிச்சுத் தொலையேன். எப்பப் பாத்தாலும் எஞ்சினியர எஞ்சினியரன்னு திட்டிக்கிட்டு.”

இப்படித்தான் நான் பொறியியலுக்கு வந்தேன். மற்றவர்கள் அறிவுத் தாகம் என்றெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அந்தத் தாகம் இருந்ததில்லை.

சமுதாயக் கல்லூரியில் முதலிரண்டு வருடப் பாடங்களை முடித்தால் மாநிலப் பல்கலைக்கழகம் கட்டாயம் சேர்த்துக்கொள்ளும் என்பதுதான் திட்டம். நாங்கள் நாற்பத்தேழு பேர் விண்ணப்பித்திருந்தோம். எங்களுக்கு உத்தரவாதம் வழங்க ஒரு விழா வைத்தார்கள். மேடை, பலூன், ஆளுக்கொரு பேனா. கேக்கின் மேல் ‘உத்தரவாதம்’ என்று நீல க்ரீமில் எழுதியிருந்தது. வரிசையில் கடைசியில் நின்ற எனக்கு முறை வந்தபோது ‘வாதம்’ மட்டும்தான் மிச்சமிருந்தது. அதைத் தின்றேன்.

மாணவர் வெற்றிப் பாதைகளின் டீன் டாக்டர் லைல் ப்ரானக் பேசினார். வெள்ளித் தலைமுடி, ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரல்.

“நண்பர்களே, எங்க உத்தரவாதத்த நாங்க லேசா நெனைக்கிறதில்ல. போன வருஷம் இந்தத் திட்டத்துல நூத்தி நாப்பது பேர் இருந்தாங்க. அதுல நாலு பேர் எல்லாப் பாடத்தையும் முடிச்சாங்க. அந்த நாலு பேருக்கும் பல்கலைக்கழகத்துல எடம் கெடச்சுது. அதாவது நூறு சதவீதம்! மீதிப் பேர நாங்க கைவிட்டுட்டோமா? இல்ல. அவங்க இன்னும் இங்கதான் இருக்காங்க. சில பேர் பத்து வருஷமா இருக்காங்க. ஒரு மாணவன் எங்கள விட்டுப் போக மனசு வராம இங்கயே இருக்கான்னா, அதுதான் நண்பர்களே, வெற்றி!”

நான் எழுந்து நின்று கைதட்டினேன். எழுந்து நின்றது நான் ஒருவன்தான்.

கையெழுத்து போடும் மேஜையில் உட்கார்ந்திருந்தவள் கேண்டஸ் லட்ரெல். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, அதில் ‘உத்தரவாத ஆலோசகர்’ என்ற பதவி. உத்தரவாதம் ஒரு பக்கம் இருந்தது. நிபந்தனைகள் பதினான்கு பக்கம், பொடி எழுத்தில்.

“இத வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுட்டு வரலாமாம்மா?” என்று கேட்டேன்.

“படிக்க வேணாம் சார், கையெழுத்து மட்டும் போடுங்க. படிக்கிறதுக்குன்னு தனியா ஒரு வகுப்பு இருக்கு.”

போட்டேன். எல்லாப் பாடத்திலும் குறைந்தது ‘சி’ வாங்க வேண்டும், நான்கு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். அப்போது யாரோ என்னைப் புகைப்படம் எடுத்தார்கள். வாயின் ஓரத்தில் நீல க்ரீம் இருந்தது எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து அது கவுண்டி முழுவதற்கும் தெரிந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில், வீட்டு உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. அதில் என் முகம். கீழே, “வெர்லினுக்கு உத்தரவாதம் கிடைத்துவிட்டது. உங்களுக்கு?”

எங்கள் வேலை லாரி தினமும் அதன் அடியில்தான் போகும். என் கூட வேலை செய்யும் டெல்பர்ட் ஒவ்வொரு நாளும் வண்டியை மெதுவாக்குவான்.

“டேய் கேரண்டி, உன் மூக்கு மேல இன்னிக்கு ஒரு பருந்து உக்காந்திருக்குடா. நல்ல சகுனம்.”

வெளியே திட்டினேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வேறு நல்ல வழி இருந்தும், ரெனெலை ஏற்றிக்கொண்டு அந்தப் பலகை வழியாகவே போனேன். ஒரு மாதம் கழித்து அவள், “இனிமே இந்த வழியா போனா நான் நடந்தே வந்துக்கிறேன்” என்றாள்.

முதல் வருடம் பொறியியல் எதுவும் கண்ணில் படவில்லை. முதலில் எல்லோரும் ‘வெற்றி 100’ என்ற பாடத்தை எடுத்தாக வேண்டும். அதை நடத்தியதும் கேண்டஸ்தான். திரையில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பாள். முதல் நாள் பாடம் நேர மேலாண்மை. ப்ரொஜெக்டர் வேலை செய்யாததால் அது இரண்டாம் வாரம்தான் நடந்தது.

ஒரு தேர்வில் கல்லூரி வரைபடத்தைக் கொடுத்து நூலகத்தைக் குறிக்கச் சொன்னார்கள். நூலகத்தை மராமத்துக்காக உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் உடற்பயிற்சிக் கூடத்தைக் குறித்தேன். தப்பு.

“மேடம், புஸ்தகம் எல்லாம் அங்கதானே இருக்கு?”

“இருக்கு சார். ஆனா வரைபடத்துல இல்லயே.”

பிறகு கற்றல் பாணிச் சோதனை. அறுபது கேள்விகளுக்குப் பதில் சொன்னதும், கணினி என்னைக் ‘கைகளால் கற்பவர்’ என்று கண்டுபிடித்து, பொறியியலை விட்டுவிட்டு குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் சான்றிதழில் சேரப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையை நான் ஏற்கவில்லை என்று மூன்று பிரதிகளில் எழுதிக் கொடுத்தேன்.

கணக்கில் எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்பதையும் கணினியே தீர்மானித்தது. எட்டில் மூன்று அங்குலம் என்றுதான் நான் பத்தொன்பது வருடமாக அளந்திருக்கிறேன். அப்படியே பின்னமாகத் தட்டினேன். கணினிக்குத் தசமம்தான் வேண்டுமாம். எல்லா விடையும் தப்பு என்று சொல்லி என்னைப் பின்னங்கள் சொல்லித்தரும் வகுப்புக்கு அனுப்பியது. பின்னத்தில் பதில் எழுதியதற்குப் பின்னம் படிக்கும் தண்டனை. அந்த வகுப்பில் நான் முதல் மாணவன். அதைச் சொல்லிக்கொள்ள ஆள் கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை.

பகலில் பாலத்தடி, மாலையில் வகுப்பு. இயற்கணிதம், அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் கால்குலஸ் என்று ஏறினேன். ஏறினேன் என்று கம்பீரமாகச் சொல்கிறேனே தவிர, கால்குலஸ் தேர்வுக்கு முன்னால் லாரியில் உட்கார்ந்து அழுததை டெல்பர்ட் பார்த்திருக்கிறான். கண்ணில் துரு விழுந்துவிட்டது என்றேன். ரெனெல் பேருந்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டு, “அழாம, மறுபடி மொதல்லேர்ந்து போடணுமாம்” என்று ஆலோசனை கொண்டு வந்தாள். அது உதவியது. மூன்றாம் வருட முடிவில் கால்குலஸில் ‘பி’.

பாக்கி இருந்தது முக்கியமாக ஒரே ஒரு பாடம். ஸ்டாட்டிக்ஸ். அசையாமல் நிற்கும் பொருளை எந்தெந்த விசைகள் எந்தெந்தப் பக்கம் இழுக்கின்றன என்று கணக்கிடும் பாடம். பாலம் ஏன் நிற்கிறது என்று சொல்லும் பாடம். நான் இதற்காகத்தான் வந்திருந்தேன். அது வருடத்துக்கு ஒரு முறை, இலையுதிர் காலத்தில் மட்டும்தான் நடக்கும். என் நான்கு வருடக் கெடுவில் மிச்சமிருந்ததும் ஒரே ஒரு இலையுதிர் காலம்.

வகுப்பு தொடங்கி மூன்றாம் நாள் கேண்டஸ் கூப்பிட்டனுப்பினாள்.

“ஸ்டாட்டிக்ஸ்ல பத்துப் பேர்தான் சேந்திருக்கீங்க சார். பன்னெண்டு பேர் இருந்தாத்தான் வகுப்பு நடக்கும். வர்ற திங்கக்கெழம தலைய எண்ணுவாங்க.”

“எண்ணி?”

“கொறஞ்சா ரத்து.”

“அப்ப அடுத்த வருஷம்…”

“அடுத்த வருஷம் உங்க கேரண்டி காலாவதி ஆயிடும்.”

“என்னம்மா இது, கேரண்டின்னு சொல்லித்தானே போர்டு வச்சீங்க?”

அவள் தன் மேஜையில் இருந்த வாசகத்தைப் படிப்பதுபோல் சொன்னாள். “சேர்க்கைக்கு கேரண்டி உண்டு சார். சேர்றதுக்குத் தேவையான வகுப்புக்கு கேரண்டி கெடையாது.” பிறகு, அவள் குரலிலேயே, கொஞ்சம் தாழ்வாகச் சொன்னாள். “டீனப் போய்ப் பாருங்க. பிரயோசனம் இருக்காது. ஆனா பாருங்க.”

டாக்டர் ப்ரானக் என்னைக் கண்டதும் எழுந்து வந்து கை குலுக்கினார்.

“வெர்லின்! எங்க போர்டோட முகமாச்சே நீங்க! ஒக்காருங்க. ஒண்ணு புரிஞ்சுக்கணும். நாங்க வகுப்ப ரத்து பண்றதே இல்ல. எதிர்காலத்துக்கு நகத்துறோம். பத்துப் பேருக்காக ஒரு வகுப்ப நடத்தினோம்னா, வராத ரெண்டு பேருக்கு நாம அநியாயம் பண்றோம் இல்லியா?”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் வெளியே வந்து வண்டிகள் நிற்குமிடத்தில் நின்று ஐந்து நிமிடம் யோசித்தேன். அதிலிருந்த நியாயம் கையில் சிக்கவில்லை.

ரெண்டு பேர்தானே, பிடித்துவிடலாம் என்று கிளம்பினேன். டெல்பர்ட் உடனே ஒத்துக்கொண்டான். ஆனால் கால்குலஸ் முடித்தவர்கள்தான் சேர முடியும் என்றது கணினி. எங்கள் கவுண்டியில் காட்டுப்பன்றி சுட்டவர்கள் நிறைய, கால்குலஸ் முடித்தவர்கள் அபூர்வம். சர்ச்சில் அறிவிப்பு செய்யச் சொன்னேன். பாதிரியார், “கால்குலஸ் படிச்ச சகோதரர்கள் யாராவது இருந்தா வெர்லினப் பாருங்க” என்று சொன்னதும் சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. சிறுநீரகம் கேட்டிருந்தால்கூட இரண்டு பேர் வந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை பாலத்தடியில் ப்ரெக்கன் கேட்டான். “என்ன வெர்லின், மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?”

சொன்னேன். அவன் ஏணியின் இரண்டாம் படியிலேயே நின்றுகொண்டு தயங்கித் தயங்கிப் பேசினான்.

“நான் வேணா வந்து ஒக்காரட்டுமா? யுனிவர்சிட்டில ஸ்டாட்டிக்ஸ்ல நான் ஜஸ்ட் பாஸ். பொய் சொல்லல. நீங்க டார்ச் அடிக்கலன்னா எனக்குப் பாதி விரிசல் தெரியாது.”

“அப்ப நாலு வருஷமா நீ எழுதுன கருத்து?”

“நீங்க சொன்னத நல்ல இங்கிலீஷ்ல எழுதுனேன்.”

கோபம் வந்திருக்க வேண்டும். அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவன் ஏணியிலிருந்து விழப் பார்த்தான்.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டாவது ஆள் திங்கட்கிழமை வரை கிடைக்கவில்லை.

திங்கள் மாலை. எங்களுக்கு ஸ்டாட்டிக்ஸ் நடத்த வந்தவர் ஜோயல் ஹட்ஜின்ஸ் என்ற பெண்மணி. மூன்று கல்லூரிகளில் பகுதி நேரம் ஓட்டுபவர். மூன்றிலும் அவருக்கு அறை கிடையாது. காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில்தான் சந்தேகம் தீர்ப்பார். அன்று கரும்பலகை முன்னால் கைகட்டி நின்றார். வகுப்பு ரத்தானால் அவருக்கும் ஒரு கல்லூரி குறையும்.

ஆறு பத்துக்கு டீன் வந்தார், பின்னால் தாள் செருகிய குறிப்பட்டையோடு கேண்டஸ். டீன் ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினார். வேலைச் சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்த ப்ரெக்கனிடம் வந்ததும் விரல் ஒரு நொடி நின்றது, பிறகு நகர்ந்தது.

“பதினொண்ணு” என்றார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது, அதைப் பயிற்சி செய்து வைத்திருந்தார். “நண்பர்களே, இன்னிக்கு இந்தக் கல்லூரி உங்களுக்கு ஒரு அருமையான பாடம் சொல்லித் தருது. விடாமுயற்சின்னா என்ன? கெடைக்காததுக்காகக் காத்திருக்கிறது. அந்த வாய்ப்ப நாங்க உங்களுக்கு இலவசமா குடுக்கிறோம். கேண்டஸ், எழுதிக்கோ. எதிர்காலத்துக்கு நகர்த்தப்பட்டது.”

கேண்டஸ் எழுதவில்லை. குறிப்பட்டையை ஆசிரியர் மேஜையில் வைத்தாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். முதல் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“பன்னெண்டு” என்றாள்.

டீன் சிரித்துப் பார்த்தார். “நீ ஊழியர்மா.”

“காலைல எட்டு மணிக்கு மாணவியாவும் சேந்துட்டேன் சார். கால்குலஸ் முடிச்சிருக்கேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. இதே கட்டடத்துல.”

“ஆலோசகர் ஒப்புதல் இல்லாம எப்படிச் சேர முடியும்?”

“ஒப்புதல் இருக்கு. ஆலோசகர் நாந்தானே. என்னைய வரவழச்சு, ஒக்கார வச்சு, ரொம்ப யோசிச்சுத்தான் குடுத்தேன்.”

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். நானாகத்தான் இருக்கும். டீன் குறிப்பட்டையைத் தானே எடுத்துப் பன்னிரண்டு என்று எழுதினார், எழுதி முடித்து, “இதுதான் எங்க திட்டத்தோட பலம்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஹட்ஜின்ஸ் சுண்ணக்கட்டியை எடுத்து ஒரு பாலம் வரைந்தார்.

வகுப்பு முடிந்ததும் வெளியே கேண்டஸைப் பிடித்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், “ரொம்ப நன்றிம்மா, எனக்காக…” என்று ஆரம்பித்தேன்.

“உங்களுக்காகன்னு யாரு சொன்னா?” என்றாள். “பத்தொம்பது வயசுல நானும் அந்தக் கேக்கத் தின்னவதான் சார். என்னோட கடைசி வருஷம் ஸ்டாட்டிக்ஸ் பதினோரு பேரோட ரத்தாச்சு. பதினோராவது ஆள் நான். என்னோட கேரண்டி காலாவதி ஆச்சு. அப்புறம் டீன் கூப்பிட்டு, உனக்கு இந்தத் திட்டத்துல நல்ல அனுபவம் இருக்கே, ஆலோசகரா இருக்கியான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“சரின்னேன். இந்த ஊர்ல வேற என்ன இருக்கு?”

தலை எண்ணும் நாள் தாண்டிய பிறகு ப்ரெக்கன் விலகிக்கொண்டிருக்கலாம். விலகவில்லை. அவனும் கடைசி வரை உட்கார்ந்தான்.

நானோ, பாலங்களோடு இருபத்திரண்டு வருடம் படுத்துப் புரண்டவன், இந்த வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்குமே என்று கவலைப்பட்டேன். முதல் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று. ஒரு கேள்வியில் பால வரைபடத்தைக் கொடுத்து, குறுக்குக் கம்பி ஒன்றில் எவ்வளவு விசை என்று கேட்டிருந்தார்கள். நான் ஒரே வார்த்தையில் ‘பூஜ்யம்’ என்று எழுதியிருந்தேன். விடை சரி, மதிப்பெண்ணும் பூஜ்யம்.

ஹட்ஜின்ஸ் கார்ப் பெட்டியில் தாளை விரித்துக் கேட்டார். “இது எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?”

“அதே மாதிரி பாலம் ஒண்ணு மில் ரோட்ல இருக்கு மேடம். அந்தக் கம்பி எப்பவும் கடகடன்னு ஆடும். பாரம் சொமக்கிற கம்பி ஆடாது. விறைப்பா நிக்கும்.”

அவர் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, “இது பார்வை. எனக்கு வேண்டியது நிரூபணம். படிப்படியா எழுதுங்க” என்றார். பார்வை என்ற அந்தச் சொல் இங்கேயும் என்னைத் துரத்திக்கொண்டு வந்துவிட்டது. ஆனால் இந்த முறை அடுத்த கட்டத்தை நிரப்பும் வழியையும் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் கேண்டஸும் ப்ரெக்கனும் சனிக்கிழமைதோறும் மில் ரோட்டுப் பாலத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நான் கம்பியைக் காட்டுவேன், ப்ரெக்கன் சமன்பாட்டை மறப்பான், கேண்டஸ் இரண்டு பேரையும் திட்டிவிட்டுச் சரியாக எழுதுவாள். டிசம்பரில் அவளுக்கு ‘ஏ’, ப்ரெக்கனுக்கு ‘பி’, எனக்கு மயிரிழையில் ‘சி’. அந்த ‘சி’யைப் பார்த்து நான் குதித்ததில் ரெனெலின் பீன்ஸ் பாத்திரம் கவிழ்ந்தது.

வசந்தத்தில் பல்கலைக்கழகக் கடிதம் வந்தது. ரெனெல் உரக்க வாசித்தாள்.

“உங்கள் உத்தரவாதத்தின்படி எங்கள் பல்கலைக்கழகத்தில் உங்களைச் சேர்த்துக்கொள்வதில் மகிழ்கிறோம். பிரிவு… பொதுக் கல்வி, இலக்கு முடிவு செய்யாதோர்.” நிமிர்ந்தாள். “நாப்பத்தேழு வயசுல இன்னும் முடிவு பண்ணலியாம்ப்பா நீ.”

அன்றுதான் பதினான்கு பக்கத்தையும் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. உத்தரவாதம் பல்கலைக்கழகத்துக்கு. பொறியியல் துறைக்கு அல்ல. சேர்ந்த பிறகு அந்தத் துறை கேட்டுக்கொண்டால் பரிசீலிக்கும்.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கேண்டஸிடம் ஓடினேன். அவள் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

“நீ எங்கம்மா போற?”

“யுனிவர்சிட்டிக்கு. சிவில் எஞ்சினியரிங்.”

“அது எப்படி? உன் கேரண்டிதான் காலாவதி ஆயிடுச்சே?”

“அதனாலதான். கேரண்டி இல்லாதவங்களுக்கு ஒரு சாதா விண்ணப்பம் இருக்கு சார். ரெண்டு பக்கம். மார்க்க எழுதி, எதுக்குப் படிக்க வர்றேன்னு அரைப் பக்கம் எழுதணும். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சேர்றாங்க.”

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“பன்னெண்டாம் பக்கம். கேரண்டி வச்சிருக்கிறவர் வேற வழில விண்ணப்பிக்கக் கூடாது. ஆலோசகர் அதப் பத்திப் பேசவும் கூடாது.” கையிலிருந்த பெட்டியை மூடினாள். “நான் அஞ்சு மணியோட ஆலோசகர் இல்ல. இப்ப மணி அஞ்சு அஞ்சு. கேரண்டி வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்திடுங்க. ஆனா எழுதிக் குடுத்தா திரும்பக் கெடைக்காது. அங்க எடம் குடுக்கலேன்னா ரெண்டும் இல்ல.”

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ‘சி’ வாங்கியவனுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? ரெனெல் பொறுத்துப் பார்த்துவிட்டு, “நீ அந்தக் காயிதத்துக்காகவா படிச்ச, பாலத்துக்காகவா?” என்று மட்டும் கேட்டாள்.

உத்தரவாத விலகல் படிவத்தில் டீன் கையெழுத்து வேண்டும். அவர் அதை முன்னும் பின்னும் புரட்டினார்.

“இந்தப் படிவத்த இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல வெர்லின். கேரண்டி இல்லாம ஒரு மனுஷன் எப்படிக் காலேஜ்ல சேருவான்?”

“மத்தவங்கல்லாம் அப்படித்தான் சேர்றாங்களாம் சார்.”

“அவங்களுக்கு என்ன பாதுகாப்பு? பாருங்க, எங்ககிட்ட இருக்கிற வரைக்கும் உங்களுக்குப் போற எடம் நிச்சயம். போய்ட்டீங்கன்னா எங்களால எதையும் உறுதியா சொல்ல முடியாது.” கையெழுத்து போட்டுவிட்டு, என் தோளைத் தட்டினார். “போர்டுல உங்க படம் மட்டும் இருக்கட்டும். புதுசா எடுக்க ஆள் இல்ல.”

அரைப் பக்கத்தில் லாரல் ஓடைப் பாலத்தைப் பற்றி எழுதினேன். பதினொரு பார்வைகளையும் தேதியோடு, அந்தப் பாலம் ஏன் இறங்கியது என்பதற்கான கணக்கைப் படிப்படியாக. அரைப் பக்கம் ஆறு பக்கமாயிற்று. அதிகப்பிரசங்கி என்று தூக்கிப் போடுவார்கள் என்று நினைத்தேன். ஐந்து வாரம் தபால்காரர் வருவதற்கு முன்பே வாசலில் போய் நின்றேன். ஆறாம் வாரம் இடம் கிடைத்தது. சிவில்.

ஆகஸ்டில் பல்கலைக்கழக வாசலில் லாரியை நிறுத்தினேன். நல்ல சட்டை போட்டிருந்தேன், அதுதான் தப்பு. வரவேற்பு மேஜையில் இருந்த பெண் என் நரைத்த தாடியைப் பார்த்துவிட்டு, “பெற்றோர் கூட்டம் அந்தப் பக்கம் சார், காபி இருக்கு” என்று இனிமையாகக் கை காட்டினாள். திருத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். காபி வாசனை வந்தது. போய்விட்டேன்.

உள்ளே வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் டோனட்டோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“உங்க புள்ள எந்தப் பிரிவு?”

“சிவில்.”

“நல்லா படிப்பானா?”

“சுமார்தாங்க. மண்டைல ஏற நேரமாகும். ஆனா காலைல தானா எழுந்துக்குவான்.”

“அட, குடுத்து வச்சவர் நீங்க” என்று பெருமூச்சு விட்டார். “எங்க வீட்டுத் துரைய எழுப்ப ரெண்டு பேர் வேணும். தனியா விட்டுட்டுப் போறீங்களே, சமாளிச்சுக்குவானா?”

யோசித்துப் பார்த்தேன். “அவன் பொண்டாட்டி பாத்துக்குவா” என்றேன்.

அவர் டோனட்டை வாயருகில் பிடித்தபடி என்னையே பார்த்தார். அப்போது கதவருகே இருந்து கேண்டஸின் குரல் கேட்டது. “வெர்லின்! அங்க என்ன பண்றீங்க? நம்ம வரிசை இங்க!”

இன்னொரு டோனட்டை எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.